திருத்துறைப்பூண்டியிலிருந்து சிம்லாவுக்கு ஒரு சாதாரண டிக்கெட்

திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் நான் வெளிநாட்டுக்காரி என்பதை யாரும் நம்பவில்லை. பாஸ்போர்ட்டைக் கம்பி வழியாக நீட்டினேன். புக்கிங் கிளார்க் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். வெளிநாட்டுப் பயணிகளுக்கு மெட்ராஸில் தனி இடம் இருக்கிறது, அங்கே வெள்ளைக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து டிக்கெட் வாங்குவார்கள், நான் அந்த ரகமா என்று தனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். மலேசியாவில் பிறந்தவள், டூரிஸ்ட் விசாவில் வந்திருக்கிறேன் என்றேன். பிறந்தது எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும், முகம் இதோ இந்தக் கச்சனம் பக்கத்து முகம்தான் என்று முடித்துவிட்டார்.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். கெடா மாநிலத்தில் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் என்னிடம் படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். முகத்துக்கா டிக்கெட் கொடுக்கிறீர்கள், காசுக்கா என்று கேட்டேன். என் பின்னால் முத்துப்பேட்டை டிக்கெட்டுக்கு நின்றிருந்த ஒரு பாய், தன் மகன் துபாயில் இருக்கிறான், அவனையும் அங்கே எந்த ஆபீஸிலும் நம்புவதில்லை, பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்கள் பாடே இதுதான் என்று எனக்காகப் பரிந்து பேசினார். கிளார்க் சிரித்துவிட்டு, சரி, எந்த ஊருக்கு என்று கேட்டார்.

சிம்லாவுக்கு என்றேன். ஒருவர், சாதாரண டிக்கெட், போவதற்கு மட்டும்.

அவர் முகமே மாறிப்போனது. அவருக்குப் பின்னால் சின்னச் சின்ன அறைகள் வைத்த மர அலமாரி இருந்தது. திருவாரூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, மாயவரம், மெட்ராஸ் என்று ஊருக்கு ஓர் அறை. ஒவ்வொன்றிலும் அச்சடித்த அட்டை டிக்கெட்டுகள். சிம்லாவுக்கு அறை கிடையாது. அதைத் தாளில் கையால் எழுத வேண்டும். மெட்ராஸ் வரை மீட்டர் கேஜ், அங்கிருந்து அகலப் பாதை, கடைசியில் மலைமேல் பொம்மை ரயில் பாதை. மூன்றுக்கும் தனித்தனியாகத் தூரம் கண்டுபிடித்து எழுத வேண்டும். பதினெட்டு வருஷமாக அட்டையை உருவி உருவிக் கொடுத்தே வயசாகிவிட்டது என்று அலுத்துக்கொண்டிருந்த மனிதர், அன்று முதல் தடவையாக அலமாரி மேலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை இறக்கித் தூசி தட்டினார். மெட்ராஸிலிருந்து படுக்கை வசதிக்குத் தந்தி அடிக்கட்டுமா என்று இப்போது அவராகவே கேட்டார். வேண்டாம் என்றேன். படுக்கை கிடைக்குமா என்று இன்னொருவர் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். சாதாரண டிக்கெட் என்றால் யாரையும் கெஞ்ச வேண்டாம். இடம் இருந்தால் உட்காரலாம், இல்லாவிட்டால் நிற்கலாம். திங்கட்கிழமை வரச் சொன்னார். செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டு எழுதி வைப்பதாகச் சொன்னார்.

சிம்லாவுக்கு ஏன் என்றால், எனக்குப் பனி பார்க்க வேண்டும். வேறு காரணம் கிடையாது. ஆறு வருஷமாகப் புவியியல் பாடத்தில் பனியைப் பற்றிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது பஞ்சு மாதிரி இருக்கும் என்பேன். பஞ்சு என்றால் நனையாதா டீச்சர், கையில் ஒட்டுமா டீச்சர் என்று பிள்ளைகள் கேட்டால், அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்லிவிடுவேன். பொய் சொல்லிச் சம்பளம் வாங்குகிறோமோ என்று எனக்கே கூச்சமாக இருந்தது. இந்தியாவுக்கு வந்ததே அதற்குத்தான், அத்தையைப் பார்ப்பது அடுத்தபடிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். நாகப்பட்டினத்திலிருந்து திரும்பிப் போகிற கப்பலுக்கு அந்தச் செவ்வாயிலிருந்து எண்ணினால் பதின்மூன்று நாள்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை கிளம்பினால் சிம்லாவில் இரண்டு நாள் இருக்கலாம். இரண்டு நாள் தள்ளிப்போனால், போய் இறங்கி அடுத்த வண்டியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

அத்தைக்கு நான் போவதே பிடிக்கவில்லை. என் அப்பாவின் ஒரே தங்கை அவள். அப்பா மலேயாவுக்குப் போனபோது அவளுக்கு எட்டு வயது. மூன்று வருஷத்தில் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் அவர் இதே ஸ்டேஷனில் ரயில் ஏறினார். பணம் வந்தது, கடிதம் வந்தது, என் படம்கூட வந்தது. அவர் மட்டும் வரவில்லை. தோட்டத்திலேயே இருந்து, தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கப்பல் நாகப்பட்டினத்திலிருந்துதான் புறப்படுகிறது, இந்தப் பக்கம் வராமல் நான் எப்படிப் போக முடியும் என்று கப்பல் டிக்கெட்டை எடுத்துக் காட்டினேன். அத்தை அதைத் தொடவில்லை.

"அண்ணனும் இப்படித்தான் ஒரு காயிதத்த காமிச்சிச்சு" என்றாள்.

மாமாவுக்கு, அதாவது அத்தை கணவருக்கு, என் பயணத்தில் ஒரே குஷி. ஆள் நெட்டையாக, எப்போதும் கறுப்புச் சட்டையும் தோளில் சிவப்புத் துண்டுமாக இருப்பார். இரண்டும் எப்படி ஒரே உடம்பில் என்று கேட்டால், சட்டை சாமிக்கு எதிராக, துண்டு பண்ணைக்கு எதிராக என்பார். பண்ணை ஆளாக இருந்தவர். குடியிருந்த மனைக்கு அப்போதுதான் பட்டா கைக்கு வந்திருந்தது. ஸ்டேஷன் பெயர்ப் பலகையில் இந்தி எழுத்தின் மேல் பூசியிருந்த தாரில் ஒரு டப்பா அவர் கொடுத்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் சிம்லா வரைக்கும் போய்த் திரும்பி வந்து காட்டு என்று எனக்குப் பந்தயமே கட்டினார். அந்த மாசி மாதம் அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஆட்சி நம்ம ஆட்சி என்கிறார்கள், ஆனால் களத்தில் அளக்கிற மரக்கால் அவர்கள் மரக்காலாகத்தான் இருக்கிறது என்பது மாமாவின் தினசரிப் பேச்சு. கதிர் முற்றி வயலெல்லாம் மஞ்சளாகக் கிடந்தது. வெளியூர் ஆளை இறக்கி அறுத்துவிடுவார்கள் என்று இவர்களும், இவர்கள் இறங்கிவிடுவார்கள் என்று பண்ணைகளும் காவல் இருந்தார்கள். வரப்புக்கு வரப்பு போலீஸ். யார் காலை வைத்தாலும் கேஸ்.

திங்கட்கிழமை டிக்கெட் கைக்கு வந்தது. உள்ளங்கை அகலத் தாள். கிளார்க் முத்து முத்தாக எழுதியிருந்தார். எந்த வழி, எத்தனை கிலோமீட்டர், எத்தனை நாள் செல்லும் என்று எல்லாம் அதில் இருந்தது. மூன்றாம் வகுப்பை ஒழித்துவிட்டு அதையே இரண்டாம் வகுப்பு என்று சொல்ல ஆரம்பித்திருந்த காலம். பலகை பெஞ்சு அதேதான், கௌரவம் ஒரு படி கூடியிருந்தது. வழியில் ஊர் பார்க்க இறங்கினால் அங்கத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் பின்பக்கம் எழுதி வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள் என்று, மகளைப் பரீட்சைக்கு அனுப்புகிறவர் மாதிரி மூன்று தடவை சொன்னார். தெருவே வந்து அந்தத் தாளைப் பார்த்துவிட்டுப் போனது. நான் அதை பாஸ்போர்ட்டுக்குள் வைத்து, பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து, பையைப் பரணுக்குக் கீழே மாட்டினேன். அன்று சாயங்காலம் அத்தை கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய், வெகு நேரம் கழித்து வந்தாள். கடைத்தெருவிலிருந்து ஒன்றும் வாங்கி வரவில்லை. நான் அதைக் கவனிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு எக்ஸ்பிரஸ். மாமாவுக்கு அதில் இரட்டைச் சந்தோஷம். செவ்வாய் என்றால் வடக்கே சூலம், அந்தத் திசையில் போகக் கூடாது. மூன்றிலிருந்து நாலரை வரை ராகு காலம் வேறு. இந்த நேரத்தில் இந்தத் திசையில் நம் வீட்டுப் பெண் போகிறாள் என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வேலைநிறுத்தத்தால் யாருக்கும் வேலை இல்லை. ஆகவே ஊரே வழியனுப்ப வந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் அவ்வளவு சிவப்புத் துண்டுகளைப் பார்த்து, ரயில் மறியலோ என்று போலீஸ்காரர் ஒருவர் ஓடிவந்தார். இல்லை, பனி பார்க்கப் போகிறது பிள்ளை என்று விளக்கினார்கள்.

கேட்டில் காட்டுவதற்காகப் பாஸ்போர்ட்டைத் திறந்தேன். டிக்கெட் இல்லை.

பையைக் கவிழ்த்தேன். பெட்டியைத் திறந்து புடவையை உதறினேன். மாமா பண்ணையார்களின் சதி என்றே ஆரம்பித்துவிட்டார். அத்தை மட்டும் அசையாமல் நின்றாள். பிறகு மெதுவாக என் அருகே வந்து, டிக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது நேற்றே கிளம்பிவிட்டது என்றாள்.

பரஸ்தானம் வைத்திருக்கிறாள். ஆகாத நாளில் பயணம் போக நேர்ந்தால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில் பயணியின் பொருள் ஏதாவது ஒன்றை, போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் கொண்டு வைத்துவிடுவார்கள். பொருள் நல்ல நாளில் புறப்பட்டுவிட்டதால் பயணமும் அன்றைக்கே புறப்பட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொண்டு போகலாம். இந்தப் பக்கத்து வழக்கம். சாதாரணமாக ஒரு துண்டோ ரவிக்கையோ வைப்பார்கள். அத்தை யோசித்திருக்கிறாள். இவ்வளவு தூரம் போகிற பெண்ணுக்கு ரவிக்கை எந்த மூலைக்கு? பயணம் என்பதே அந்தத் தாள்தானே? வடக்கே இரண்டு ஸ்டேஷன் தள்ளி, அவளோடு சேர்ந்து நடவு நட்ட சிநேகிதி ஒருத்தி இருந்தாள். அவள் கணவர் அங்கே ஸ்டேஷனில் பாயிண்ட்ஸ்மேன், தண்டவாளம் மாற்றிவிடுகிறவர். நேற்று சாயங்காலம் பாசஞ்சரில் போய் டிக்கெட்டை அவர்கள் வீட்டில் வைத்துவிட்டு, அடுத்த பாசஞ்சரில் திரும்பியிருக்கிறாள்.

அந்த ஸ்டேஷனில் எக்ஸ்பிரஸ் நிற்காது.

நான் அத்தையைப் பேசிய பேச்சை இங்கே எழுத மாட்டேன். ஊர் முழுக்கக் கேட்டது. படிக்காத ஜனங்களோடு மாரடிக்க வந்தேனே என்றுகூடச் சொன்னேன். அத்தை தலை குனியவில்லை. அது நிற்காது என்று தெரியும், அதற்கு ஏற்பாடு செய்திருக்கிறேன் என்றாள். ஒற்றைத் தண்டவாளம் என்பதால், முன்னால் பாதை காலி என்பதற்கு அடையாளமாக ஒரு டோக்கனை மூங்கில் வளையத்தில் கட்டி, நிற்காத வண்டிக்குப் பிளாட்பாரத்திலிருந்து நீட்டுவார்கள். இன்ஜினில் இருப்பவர் ஓட்டத்திலேயே கையை விட்டு அதை வாங்கிக்கொள்வார். தினமும் டிரைவருக்கு வளையம் நீட்டுகிற சிநேகிதியின் கணவர், இன்னொரு வளையத்தில் என் டிக்கெட்டைக் கட்டி எனக்கு நீட்ட மாட்டாரா என்பது அத்தையின் கேள்வி.

புக்கிங் கிளார்க் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். டிக்கெட் எழுதியது அவர். அது இருக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். ஆனாலும் டிக்கெட் இல்லாமல் ஏற்ற முடியாது, திருவாரூர் வரைக்கும் ஓர் அட்டை டிக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். வழியில் வளையம் கிடைத்தால் சிம்லா, கிடைக்காவிட்டால் திருவாரூரில் இறங்க வேண்டியதுதான். பிறகு தன் முழங்கையை மடக்கிக் காட்டினார்.

"கைய நீட்டிப் பிடிக்காதீங்க, விரல் போயிரும். இப்படி மடக்கி, வளையத்துக்குள்ள கைய விட்டுருங்க. அதுவா வந்து மாட்டிக்கும்."

மாமாவும் திருவாரூருக்கு ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு என்னோடு ஏறினார். வண்டி நகர்ந்தபோது அத்தையைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை நான். அவ்வளவு கோபம். வாசல் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். இரண்டு பக்கமும் அறுக்காத வயல். பாயிண்ட்ஸ்மேன் கை தவறினால், அல்லது நான் தவறவிட்டால், டிக்கெட் கட்டிய வளையம் அந்தக் கதிருக்குள் போகும். போலீஸ் காவலில் இருக்கிற வயலில் இறங்கித் தேட யாராலும் முடியாது. மாமா என் இடது கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்நாளெல்லாம் சூலமும் பரஸ்தானமும் சுத்தப் பித்தலாட்டம் என்று மேடை போட்டுப் பேசியவர், விடாதே, விட்டுவிடாதே என்று என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்ஜின் கூவியது. வேகம் குறைந்தது. பிளாட்பாரம் வந்தது. முதலில் ஒரு வளையம் டிரைவருக்குப் போனது. அதே மனிதர் குனிந்து இன்னொன்றை எடுத்து உயர்த்தினார். மஞ்சள் துணி மூட்டை அதில் ஆடியது. நான் முழங்கையை மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கண்ணைத் திறந்து பந்தைப் பிடி என்று கத்துகிறவள் நான். தோளில் பிரம்படி மாதிரி ஒன்று விழுந்தது. திறந்து பார்த்தால் வளையம் என் கையில். பெட்டி முழுவதும் கை தட்டியது. பாயிண்ட்ஸ்மேனின் மனைவி பின்னால் ஓடி வந்துகொண்டே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை, அழுகையும் வந்தது. மூன்று நாள் அந்தத் தோளில் நீலம் இருந்தது.

மாமா மூட்டையை அவிழ்த்தார். ஓர் எலுமிச்சம்பழம், ஒரு பிடி நெல், மஞ்சள் கறையோடு என் சிம்லா டிக்கெட். அதனடியில் ஒரு சின்ன அட்டை டிக்கெட். அந்த ஸ்டேஷனிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு. நேற்றைய தேதி. அத்தை நேற்று ஊர் திரும்பத் தனக்கு டிக்கெட் வாங்கியபோது, எனக்கும் சேர்த்து ஒன்று வாங்கியிருக்கிறாள். நான் திரும்பி வருவதற்கு.

மாமா அதை வெகுநேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது நேத்தோட செத்துப்போச்சும்மா. அவகிட்ட சொல்லிராத" என்றார்.

வளையம் ரயில்வேயின் சொத்து என்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திருவாரூரில் இறங்கினார். அடுத்த பாசஞ்சரில் போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறேன் என்றார். அத்தையிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றேன். அதை நீயே வந்து சொல் என்றார்.

அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு ரிக்‌ஷா. டெல்லி வண்டியின் சாதாரணப் பெட்டியில் இரண்டு நாள். முதல் நாள் என் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். விஜயவாடாவில் ஒரு தெலுங்கு அம்மாள் நகர்ந்து கொடுத்ததில் பெஞ்சில் கால்பங்கு கிடைத்தது. நாக்பூரில் அவள் இறங்கும்போது சன்னலோரத்தை எனக்கு எழுதி வைக்காத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனாள். ஆரஞ்சு, பூரி, கடலை, எல்லாம் கை மாறிக்கொண்டே இருந்தன. ஒருத்தருக்கும் என் பாஷை தெரியாது, எனக்கும் அவர்கள் பாஷை தெரியாது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. மலேசியா என்று சொன்னால், மெட்ராஸ் என்று தலையாட்டினார்கள். டிக்கெட் பரிசோதகர் தாளை வாங்கி, மஞ்சள் கறையை முகர்ந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார். அதில் எழுதியிருந்த புறப்பட்ட ஊரின் பெயரை அவர் மூன்று தடவை முயன்று வாசிக்க, பெட்டியே சேர்ந்து சொல்லிக் கொடுத்தது. கடைசியில் பொம்மை ரயிலில் மலையேறி, சிம்லாவில் பனியைத் தொட்டேன். பஞ்சு மாதிரி இல்லவே இல்லை. உப்பு மாதிரி நறநறவென்று இருக்கிறது, கையில் ஒட்டுகிறது, பிறகு வலிக்கிறது. நடுத்தெருவில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தேன். போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

திரும்புவதற்குச் சிம்லாவில் வாங்கியதும் சாதாரண டிக்கெட்தான். அதைப் பாஸ்போர்ட்டில் வைத்தேன். அத்தையின் செத்த டிக்கெட்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பாசஞ்சரில் திருத்துறைப்பூண்டி வந்து இறங்கினேன். வழியெல்லாம் வயலில் ஆள் இறங்கியிருந்தது. கால் மரக்கால் கூட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்களாம். கேட்டதில் பாதி, ஆனாலும் மாமாவுக்கு அது முழுசு. பிளாட்பார வேலிக்கு வெளியே அத்தை நின்றிருந்தாள். அறுப்பிலிருந்து நேராக வந்திருக்கிறாள். இடுப்பில் அரிவாள், முழங்கால் வரை சேறு, முடியெல்லாம் வைக்கோல் தூசி. வியாழக்கிழமையிலிருந்து ஒவ்வொரு வண்டிக்கும் இப்படி வந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்று கேட்டில் நின்ற கிளார்க் சொன்னார். அவரிடம் சிம்லாவில் வாங்கிய டிக்கெட்டைக் கொடுத்தேன்.

"அது எதுக்கு? நான் வாங்கி வச்சத குடு" என்றாள் அத்தை.

நான் கிளார்க்கைப் பார்த்தேன். எடுத்துக் கொடுத்தேன். வியர்வையில் ஊறி அட்டை மெத்தென்று ஆகியிருந்தது. அவர் தேதியைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் பழசு. வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்த அத்தையையும் பார்த்தார். சிம்லா டிக்கெட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அட்டையை மற்ற டிக்கெட்டுகளோடு சேர்த்து அடுக்கி, சரியாக இருக்கிறது, போங்கள் என்றார்.

வெளியே வந்ததும் அத்தை என் தோளைத் தொட்டுப் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் கேட்கிற நிலையில் இல்லை.

"பாத்தியா, அதுலதான் நீ வந்துருக்க. அண்ணன் போனன்னிக்கும் அப்படி ஒண்ணு வாங்கி வச்சிருந்தா வந்திருக்கும். எட்டு வயசு. எனக்குத் தெரியல பாப்பா."

அத்தை அரிவாளை இடுப்பிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். என் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.